கண்ணுக்கு மட்டும்தானா வைட்டமின் ஏ?

வைட்டமின் ஏ என்றதும் எல்லோருக்கும் கேரட்டும் கண்ணும்தான் ஞாபகத்துக்கு வரும். அதில் தப்பில்லை. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் ரோடாப்சின் என்ற நிறமி விழித்திரையில் உருவாக இந்தச் சத்து வேண்டும். குறைந்தால் முதலில் மாலைக்கண், முற்றினால் கருவிழி உலர்ந்து குழைந்து பார்வையே போய்விடும். நம் அரிசிச் சோற்றில் இது கிடையாது. திருநள்ளாறோ திருச்சியோ, கொல்லையில் முருங்கை நின்றாலும் குழந்தையின் தட்டில் வெறும் சோறுதான் என்றால் ஆபத்துதான்.

பார்வையிழப்பைத் தடுக்கத்தான் இந்திய அரசு 1970-ல் ஒரு திட்டம் தொடங்கியது. 1 முதல் 5 வயதுக் குழந்தைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம் யூனிட் சொட்டு மருந்து. ஈரல் இந்தச் சத்தைச் சேமித்து வைப்பதால் இந்த இடைவெளி.

1986-ல் ஆல்ஃபிரட் சாமர் குழுவினர் இந்தோனேசியாவிலிருந்து புதுச் செய்தி சொன்னார்கள். வைட்டமின் ஏ கொடுத்த கிராமங்களில் குழந்தைச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாம்! பலர் நம்பவில்லை.

அடுத்த சோதனை நம்மூரில் நடந்தது. மதுரை அரவிந்த் மருத்துவமனையைச் சேர்ந்த டாக்டர் ரஹ்மத்துல்லா குழுவினர் திருச்சி மாவட்டத்தில் 15,419 குழந்தைகளை ஓராண்டு கவனித்தார்கள். பாதிப் பேருக்கு வாராவாரம் 8,333 யூனிட் வைட்டமின் ஏ. கிட்டத்தட்ட ஒரு வாரச் சாப்பாட்டில் கிடைக்க வேண்டிய அளவு, அவ்வளவுதான். 1990-ல் முடிவு வந்தது. மொத்தம் 125 குழந்தைகள் இறந்திருந்தனர். விபத்துச் சாவுகளைக் கழித்தால் 117. மருந்து பெற்றவர்களில் சாவு மற்றவர்களில் பாதிக்கும் கீழே! வேடிக்கை என்னவென்றால், வயிற்றுப்போக்கும் சளிக் காய்ச்சலும் வரும் எண்ணிக்கை குறையவில்லை. வந்தது கொல்லவில்லை. குடல், மூச்சுக்குழாய் உள்சுவர்களுக்கும் நோய் எதிர்ப்புக்கும் இந்தச் சத்து தேவை என்பதால் இப்படி இருக்கலாம்.

அதே 1990-ல் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் சுமார் 16 ஆயிரம் குழந்தைகளிடம் சோதித்து, சாவில் வித்தியாசமே இல்லை என்றது! அங்கே கொடுத்தது ஆறு மாதத்துக்கு ஒரு பெரிய டோஸ். வாரம் ஒரு துளிக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு பெரிதுதான். ஆனால் அது மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. இந்தோனேசியாவிலும் ஆறு மாத டோஸ்தானே?

உத்தரப்பிரதேசத்தில் சுமார் 10 லட்சம் குழந்தைகளிடம் நடந்த சோதனை 2013-ல் வெளியானபோது குறைவு வெறும் 4 சதவீதம், அதுவும் உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. சண்டை இன்னும் ஓயவில்லை.