இலையில்லா ஆர்க்கிட்டும் கோவிந்துவும்

'தேனியோஃபில்லம்' என்றால் நாடா இலை. 1825ல் புளூம் வைத்த பெயர். வேடிக்கை என்னன்னா, இந்த ஆர்க்கிட்டுக்கு இலையே கிடையாது. மரப்பட்டையில் ஒட்டிக்கிடக்கும் பச்சை வேர்தான் இலையின் வேலையைச் செய்கிறது. இலங்கையிலும் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் ஓர் இனத்துக்கு, பேராதனைத் தோட்டத்து ஓவியர் ஆல்விஸ் பெயர்.

கோயமுத்தூரில் கம்பெனியின் பருத்திச் சோதனைப் பண்ணையைப் பார்த்துக்கொண்ட ராபர்ட் வைட்டும் தன் ஓவியர் கோவிந்துவுக்கு இப்படி மரியாதை செய்தார். 1853ல் ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்கே 'கோவிந்தூயியா' என்று பெயரிட்டார். ஆனா அந்தச் செடிகளுக்கு 'ட்ரோபிடியா' என்ற பேர் முன்னாடியே இருந்தது. தாவரவியலில் முந்தின பெயருக்குத்தான் உரிமை. ஆல்விஸ் பெயர் நிலைத்தது. கோவிந்து பெயர் இணைப்பெயர்ப் பட்டியலுக்குப் போயிடுச்சு. அவரைத் தேடுறவங்க வைட்டின் 'ஐகோன்ஸ்' படங்களின் அடிவிளிம்பைத்தான் பார்க்கணும்.