வீட்டுத் தோட்டத்து விதைகள்: கொடுக்கும் முன் சொல்ல வேண்டியவை

ஆடி பிறந்துவிட்டால் தென்காசி, கடையநல்லூர், வடகரை, செங்கோட்டைப் பகுதி வீடுகளில் அவரை, சுரை, புடலை, பீர்க்கு ஊன்றும் வேலை தொடங்கிவிடும். குற்றாலத்துச் சாரல் மண்ணை நனைத்து வைத்திருக்கும். விதையைக் கடையில் வாங்குவோர் உண்டு. பக்கத்து வீட்டிலோ சொந்தக்காரர் வீட்டிலோ கேட்டு வாங்கி ஊன்றுவோரும் உண்டு. காசு கைமாறாத இந்தப் பழக்கத்தால் நாட்டு ரகங்கள் அழியாமல் நிற்கின்றன.

ஆனால் விதையில் உள்ள குறை, கொடுத்தவர் வீட்டில் தெரிவதில்லை. வாங்கியவர் வீட்டில், அதுவும் இரண்டு மூன்று மாதம் தண்ணீர் ஊற்றி வளர்த்த பிறகுதான் தெரிகிறது.

நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. ஈரத்தை மேலே தெரியும்படி வைத்திருக்க வேண்டும் என்பதே அதன் பாடம். இலவசமாகக் கொடுக்கும் விதைக்கும் இது பொருந்தும். விதையைப் பற்றி நமக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுப்பது ஓர் அமானிதம்.

நாட்டு விதையா, ஹைபிரிட்டா?

முதலில் சொல்ல வேண்டியது இது. ஹைபிரிட் என்பது இரண்டு ரகங்களைச் சேர்த்து உண்டாக்கிய முதல் தலைமுறை. அது நன்றாகக் காய்க்கும். அதன் காயிலிருந்து எடுத்த விதையை ஊன்றினால், ஒரு செடி ஒரு மாதிரியும் மற்றொன்று வேறு மாதிரியும் வரும். எனவே ஹைபிரிட் காயில் எடுத்த விதையைப் பரிமாற்றத்துக்குக் கொடுக்க வேண்டாம்.

பாக்கெட்டில் வருவதெல்லாம் ஹைபிரிட் அல்ல. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம். 1 தக்காளியும் பி.கே.எம். 1 முருங்கையும் ரகங்களே. அவற்றில் விதை எடுத்து ஊன்றலாம்.

எது கலக்கும், எது கலக்காது?

தக்காளி, அவரை, தட்டைப்பயறு ஆகியவை பெரும்பாலும் தம் பூவிலேயே மகரந்தச் சேர்க்கை நடத்திக்கொள்ளும். முதன்முதலாக விதை எடுப்போர் இவற்றில் தொடங்குவது நல்லது. கத்தரி, மிளகாய், வெண்டையில் பூச்சிகளால் ஓரளவு கலப்பு நேரும்.

சுரை, பூசணி, பீர்க்கு, புடலை, பாகல் போன்ற கொடிகளில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. பூச்சிகள்தான் மகரந்தத்தைக் கொண்டுபோகின்றன. பக்கத்துத் தெருவில் வேறு ரகச் சுரை இருந்தாலும் அதன் மகரந்தம் நம் கொடிக்கு வந்துவிடலாம். இந்த ஆண்டுக் காய் நம் கொடியின் குணத்தில்தான் இருக்கும். கலப்பு விதைக்குள் போய், அடுத்த ஆண்டு வாங்கியவர் கொடியில் வெளிப்படும்.

இதைத் தடுக்க எளிய வழி உண்டு. சுரைப்பூ மாலையில் விரியும். அன்று விரியப்போகும் ஒரு பெண் மொட்டையும் (அடியில் சிறு பிஞ்சு இருக்கும்) ஓர் ஆண் மொட்டையும் விரியும் முன்பே நூலால் தளர்வாகக் கட்டிவிடுங்கள். மாலையில் அவிழ்த்து, ஆண் பூவின் மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் தடவி, மறுபடி கட்டுங்கள். காம்பில் ஒரு துணி அடையாளம் கட்டி, அந்தக் காயை விதைக்கென்றே முற்ற விடுங்கள். பூசணிப்பூ காலையில் விரியும். அதற்கு முந்திய மாலையே மொட்டைக் கட்ட வேண்டும்.

கசந்த சுரையை உண்ணக் கூடாது

பாகல் பக்கத்தில் சுரை வைத்தால் சுரை கசக்கும் என்று சொல்வார்கள். அது சரியல்ல, இரண்டும் ஒன்றோடொன்று கலக்கும் இனங்கள் அல்ல. கசப்பான சுரையோடு நல்ல சுரை கலந்தால்தான் அடுத்த தலைமுறையில் கசப்பு வரும். குக்குர்பிட்டாசின் என்ற நச்சுப்பொருளே அதற்குக் காரணம். சமைத்தாலும் அது முழுதாகப் போகாது.

கசப்பான சுரைக்காய்ச் சாறு குடித்தவர்கள் இரத்த வாந்தி எடுத்து இறந்த நிகழ்வுகள் நம் நாட்டில் நடந்திருக்கின்றன. அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்து ஆராய்ந்தது. அந்தக் குழு சொன்னது: நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள், கசந்தால் காயை எறிந்துவிடுங்கள். சாப்பிட்ட பிறகு வாந்தி, வயிற்றுவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கசந்த கொடியின் விதையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

காய வைத்தலும் சோதித்தலும்

சாரல் நாட்களில் காற்றில் ஈரம் அதிகம். அப்போது எடுக்கும் விதை பூஞ்சை பிடிக்கும். மாசி முதல் சித்திரைக்குள் விதைக்காய்களைப் பறித்து, நிழலில் உலர்த்தி, காற்றுப் புகாத பாட்டிலில் வைத்தால் ஆடிவரை தாங்கும். பயறு விதைகளோடு நன்கு காய்ந்த சாம்பல் கலந்து வைத்தால் வண்டு குறையும். தக்காளி விதையைச் சதையோடு இரண்டு நாள் ஊறவிட்டு, கழுவி, அடியில் தங்குவதை மட்டும் எடுங்கள்.

கொடுக்கும் முன் பத்து விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் ஏழெட்டு முளைத்தால் கொடுக்கலாம். குறைந்தால், கொடுக்கும்போதே அதைச் சொல்லிவிடுங்கள்.

சட்டமும் வெளிநாட்டு விதையும்

2001ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, தான் விளைவித்த விதையைச் சேமிக்கவும், ஊன்றவும், பரிமாறவும், பகிரவும், விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தின் விதையைப் பெயர் பொறித்த பாக்கெட்டாக விற்க மட்டும் கூடாது.

வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருவோர் பெட்டியில் விதை எடுத்து வருவது வேறு விஷயம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி இறக்குமதி அனுமதியும், அந்த நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். புதிய நோய் நம் ஊருக்கு வராமல் இருக்கவே இந்தக் கட்டுப்பாடு.

கடனாகவா, அன்பளிப்பாகவா?

திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரங்கத்தில் நெல் ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் விவசாயிகளுக்குப் பாரம்பரிய நெல் விதை 2 கிலோ வழங்கப்பட்டு, அடுத்த ஆண்டு 4 கிலோவாகத் திரும்பப் பெறப்பட்டது. விதையைப் பலருக்குப் பரப்ப அவர் கண்ட வழி அது. 2018இல் அவர் மறைவதற்குள் நூற்றெழுபதுக்கும் மேற்பட்ட ரகங்களை மீட்டிருந்தார்.

நம் வீடுகளில் கைப்பிடி விதைக்குக் கடன் கணக்கு வேண்டாம். கடனில் கூடுதலை நிபந்தனையாக்குவது வட்டியில் சேர்ந்துவிடும். ஹதியாவாகக் கொடுங்கள். காய்த்த பிறகு அவர் மனமுவந்து தருவதை வாங்கிக்கொள்ளுங்கள். நம்மிடம் விதை கெட்டுப்போனால் கேட்டு வாங்க அங்கே ஒரு கை இருக்கும்.

கொடுக்கும் காகித மடிப்பின் மேல் நான்கு வரி எழுதினால் போதும்: என்ன ரகம், எந்த ஊரில் விளைந்தது, எந்த மாதம் எடுத்தது, பத்தில் எத்தனை முளைத்தது. கொடி விதையானால், கையால் மகரந்தம் சேர்த்ததா என்று ஐந்தாவதாக ஒரு வரி.

ஒரு முஸ்லிம் நட்டதை அல்லது விதைத்ததை மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்கு தர்மமாகும் என்ற கருத்தில் புகாரியில் நபிமொழி உண்டு. குறையை மறைக்காமல் கொடுத்த விதை, இன்ஷா அல்லாஹ், அடுத்த வீட்டுப் பந்தலிலும் அந்த நன்மையைத் தொடரும்.