அரியாலையின் நிலமும் வரைபடத்தின் பிழையளவும்

யாழ்ப்பாண நகரின் கிழக்கு விளிம்பில், கடனீரேரியை ஒட்டிக் கிடக்கிறது அரியாலை. உப்பாற்று நீரேரியை நன்னீராக்கும் நோக்கில் சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் இங்கே ஒரு தடுப்பணை எழுந்தது. 2025 பெப்ரவரியில் இவ்வூரின் சித்துப்பாத்தி மயானத்தில் தகன மேடை வேலைக்காக மண்ணைத் தோண்டியபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. ஒன்று நீரைப் பற்றியது, மற்றது நீதியைப் பற்றியது. இரண்டிலும் வரைபடமும் செய்மதிப் படமும் சான்றாக முன்வைக்கப்படுகின்றன. ஆகவே, புவியியல் தகவல் முறைமையைக் கற்பிப்போர் மென்பொருளை இயக்கும் பயிற்சிக்கு முன்பே பிழையளவைக் கற்பிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நீரிலிருந்து தொடங்குவோம். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடர்த்தி கூடிய உவர்நீரின்மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. கைபன்–ஹெர்ஸ்பேர்க் தொடர்பின்படி, கடல்மட்டத்துக்கு மேல் நீர்மட்டம் 1 மீற்றர் நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் நிற்கும். நீர்மட்டம் 10 சென்ரிமீற்றர் இறங்கினால், காலப்போக்கில் கீழே 4 மீற்றர் நன்னீர் குறையும். தோட்டக் கிணறு உவராவதும் ஆகாததும் இந்தச் சென்ரிமீற்றர்களில் தங்கியிருக்கிறது. நீர்ப்பாசனப் பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்ற திட்டத்தில் தொண்டைமானாற்று அணையும் அரியாலை அணையும் அங்கங்கள். கடல்நீரைத் தடுத்து மழைநீரைத் தேக்கி நிலத்தடி நீர்மட்டத்தை உயர்த்துவதே அவற்றின் வேலை.

இன்றைய மாணவர் இதே நிலத்தை ஆராயப் புகுந்தால் முதலில் என்ன செய்கிறார்? 2000 பெப்ரவரியில் விண்கலத்திலிருந்து ரேடார் கொண்டு எடுக்கப்பட்ட உயரத் தரவை இலவசமாகப் பதிவிறக்குகிறார். அதன் ஒரு கட்டம் 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம்மூர்க் கணக்கில் அது மூன்றரைப் பரப்புக் காணி, அவ்வளவுக்கும் ஒரே உயரம். அத்தரவுக்கு விதிக்கப்பட்ட குத்துயரப் பிழையின் எல்லை 16 மீற்றர். உண்மைப் பிழை அதைவிடக் குறைவுதான். ஆனால் குடாநாட்டின் பெரும்பகுதியே 10 மீற்றருக்குத் தாழ்ந்தது. அதற்கு மேல், ரேடார் அலை மரமுடியில் பட்டும் திரும்புவதால் அடர்ந்த பனங்கூடல் மேடாகப் பதிவாகலாம். இத்தரவின்மேல் ஒரு மீற்றர் கடலேற்றத்தை நீல நிறத்தில் பூசினால், படம் அழகாக வரும், முடிவு தவறாக இருக்கும். இது சிறு திருத்தமல்ல. கல்ப், ஸ்ட்ராஸ் ஆகிய இருவரும் 2019-இல் இவ்வகைப் பிழையைத் திருத்திக் கணித்தபோது, கடலேற்றத்தால் பாதிக்கப்படக்கூடிய உலக மக்கள் தொகை முந்திய மதிப்பீட்டின் மூன்று மடங்களவுக்கு உயர்ந்தது. அரியாலைக்கு வேண்டியது மட்டமெடுக்கும் கருவி, கிணற்று நீர்மட்ட அளவு, மின்கடத்துதிறன் மானி. செய்மதித் தரவு அதற்குப் பின்னரே வரவேண்டும்.

சித்துப்பாத்தியில் பிழையளவின் கனம் வேறு. பாடசாலை மாணவி கிருசாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, இம்மயானத்தை அடுத்த செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டதாக 1998-இல் நீதிமன்றில் சொன்னார். 1999 அகழ்வில் கிடைத்தவை 15 எலும்புக்கூடுகள். 2025-இல் நீதிமன்றின் மேற்பார்வையில், தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ தலைமையில் அகழ்வு நடந்தது. செய்மதி, ட்ரோன் படங்களின் துணையோடு இரண்டாவது இடம் அடையாளம் காணப்பட்டது. அங்கும் எலும்புகள் இருந்தன. ஸ்ரீ ஜயவர்தனபுரப் பல்கலைக்கழகத்தின் தரையூடுருவும் ரேடாரும் வந்தது. செப்டெம்பருக்குள் எலும்புக்கூடுகளின் எண்ணிக்கை 200-ஐக் கடந்தது. அவர்களுள் குழந்தைகளும் இருந்தனர். அவர்களின் பெயர்களை அறியக் காத்திருக்கும் தாய்மார் உயிரோடு இருக்கும்போதே அளவீடு சரியாகச் செய்யப்பட வேண்டும்.

செய்மதிப் படம் இங்கே தன் பயனைக் காட்டிவிட்டது, ஐயமில்லை. ஆனால் எதைக் காட்டியது? தோண்டிப் பார்க்கத் தக்க இடத்தை. ரேடார் காட்டுவதும் மண் கலைந்த இடத்தையே. எலும்பு எவருடையது, எப்போது புதைக்கப்பட்டது என்பவை அவற்றின் எல்லைக்கு அப்பாற்பட்டவை. வணிக நிறுவனமொன்றின் ஒரு மீற்றர் துல்லியச் செய்மதி முதன்முதலில் வெற்றியாக ஏவப்பட்டது 1999 செப்டெம்பரில். புதைப்பு நடந்ததாகச் சொல்லப்படும் 1995–96-க்கு எளிதில் கிடைக்கும் லான்ட்சற் படத்தின் கட்டம் 30 மீற்றர். இன்றைய சென்ரினல் படத்தில்கூட ஒரு பரப்புக்குள் இரண்டரைக் கட்டங்களே அடங்கும், புதைகுழி ஒன்று அதில் தெரியாது. இந்த வரம்புகளை அறியாதவர் கூண்டில் நின்று சாட்சி சொன்னால், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி ஒரே கேள்வியில் முழுப் படத்தையும் ஒதுக்கிவிடுவார். பாதிக்கப்பட்டவர்கள் அந்த இழப்பைத் தாங்க மாட்டார்கள்.

பிழையைப் பேசினால் மாணவர் தயங்குவர், வேலைவாய்ப்புக்கு மென்பொருள் திறனே போதும் என்பர் சிலர். கியூஜிஐஎஸ் இலவசமாகக் கிடைக்கும் காலத்தில் அத்திறன் ஒரு மாதத்தில் கைவரும். கிணற்றின் நீர் மாதிரி எங்கே, எந்த நாளில், எவ்வாறு எடுக்கப்பட்டது என்று பதியும் பழக்கம் அப்படி வராது. சுன்னாகத்தில் நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் நீர்ப் பரிசோதனைகளே முக்கிய சான்று. 2019-இல் உயர் நீதிமன்றம், அங்கு மின்நிலையம் நடத்திய நொதேர்ன் பவர் நிறுவனத்துக்கு 2 கோடி ரூபா செலுத்துமாறு ஆணையிட்டது.

எனவே முதற்பாடம் அரியாலையிலேயே நடக்கட்டும். கண்டாவளை ஆள்கூற்றுத் தளத்தில் அமைந்த பழைய வரைபடத் தாளையும் இன்றைய ஜிபிஎஸ் புள்ளியையும் மாற்றமின்றி ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எத்தனை மீற்றர் விலகுகிறது என்று மாணவர் களத்தில் அளக்கட்டும். அவர்கள் வரையும் ஒவ்வொரு படத்திலும் தரவின் நாள், கட்டத்தின் அளவு, ஆள்கூற்றுத் தளம், நேரில் சரிபார்த்த புள்ளிகள் ஆகியவை பொறிக்கப்பட வேண்டும். சரிபார்க்காத பகுதிக்கு நிறம் பூசக்கூடாது, வெறுமையாகவே விடவேண்டும்.