நீதித்துறை: நிர்வாகத்திலிருந்து பிரிந்த வரலாறு

ஆங்கிலத்தில் ஜுடீஷியரி எனப்படும் நீதித்துறை, சட்டமன்றம், நிர்வாகம் ஆகியவற்றோடு அரசின் மூன்றாவது அங்கம். நீதிபதிகள் அனைவரையும் சேர்த்துக் குறிக்கவும், முன்சீப் கோர்ட்டு முதல் உச்ச நீதிமன்றம் வரையுள்ள முழு அமைப்பைக் குறிக்கவும் இச்சொல் வழங்குகிறது. எந்தப் பொருளில் எடுத்துக்கொண்டாலும் அதற்கு அடிப்படை ஒன்றுதான்: வழக்குத் தொடரும் அரசின் பிடிக்குள் தீர்ப்புச் சொல்பவர் இருக்கக் கூடாது. தமிழ்நாட்டில் இந்த நிலை வர நூறாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அரசன் நினைத்தால் நீதிபதியை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். 1701ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு முடிவுகட்டியது. நன்னடத்தை உள்ளவரை பதவி உண்டு, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் கேட்டுக்கொண்டால்தான் நீக்கலாம் என்று அது வகுத்தது. 1748இல் வெளிவந்த நூலில் பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ, தீர்ப்பளிக்கும் அதிகாரம் மற்ற அதிகாரங்களோடு ஒட்டியிருக்கும் நாட்டில் மக்களுக்குச் சுதந்திரம் இராது என்று வாதிட்டார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இந்தக் கொள்கை வந்தும் போயிற்று. வங்காளத்தில் கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் 1793இல் கலெக்டரிடமிருந்து நீதி அதிகாரத்தைப் பிரித்து ஜில்லா நீதிபதியிடம் கொடுத்தார். அந்த முறை 1802இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஆனால் கம்பெனி அதிகாரி தாமஸ் மன்றோ தலைமையில் நடந்த விசாரணையின் பயனாக 1816இல் வந்த சட்டங்கள், மாஜிஸ்திரேட் அதிகாரத்தையும் போலீசையும் கலெக்டரிடமே திருப்பிக் கொடுத்தன. மன்றோவின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. ஜில்லா கோர்ட்டுகள் தூரத்தில் இருந்தன, வழக்குகள் இழுத்தன. ஊருக்குப் பக்கத்திலேயே நியாயம் கிடைக்க வேண்டும் என்றுதான் கிராம முன்சீப்புகளுக்கும் பஞ்சாயத்துகளுக்கும் அவர் இடம் கொடுத்தார். விளைவு வேறாக இருந்தது. வரி வசூலிப்பவர், பிடித்துவருபவர், தண்டிப்பவர் எல்லாம் ஒரே கச்சேரிக்குள் வந்துவிட்டார்கள்.

அந்தக் கச்சேரியில் நடந்தவற்றை 1855இல் வெளியான சென்னைச் சித்திரவதை விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்திருக்கிறது. வரி பாக்கி வைத்த குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தார்கள். கழுத்தையும் கால்விரலையும் கயிற்றால், சில சமயம் அவன் உடுத்திய துணியாலேயே, சேர்த்துக் கட்டிக் குனிந்தபடி வெயிலில் நிறுத்தினார்கள். மாட்டுக்குப் போடும் அண்ணாந்தாள் என்ற பெயரையே இதற்கும் வைத்திருந்தார்கள். தாலுகாவில் வரிக்கும் போலீசுக்கும் தாசில்தாரே தலைவர் என்பதால் முறையிடப் போக இடமில்லை. தென்னிந்தியக் குற்றவியல் வரலாற்றில் இந்த அறிக்கையைவிட முக்கியமான ஆவணம் அரிது. இதைத் தொடர்ந்து 1859இல் வந்த சட்டம் போலீசைத் தனித்துறையாக்கியது. மாஜிஸ்திரேட் அதிகாரம் மட்டும் வருவாய் அதிகாரிகளிடமே தங்கிவிட்டது.

1862இல் சென்னை உயர் நீதிமன்றம் அமைந்தது. மேலே அப்படி ஒரு மன்றம் வந்த பிறகும், ஏழைகளின் வழக்குகளில் பெரும்பாலானவை முடிந்தது கீழே, டெபுடி கலெக்டரும் தாசில்தாரும் உட்கார்ந்த கோர்ட்டில்தான். அதிகாரி ஊர் ஊராக முகாம் போனால் வாதியும் பிரதிவாதியும் சாட்சிகளும் வக்கீலும் பின்னாலேயே போக வேண்டும். 1886இல் கூடிய காங்கிரசின் இரண்டாவது மாநாடு இரு அதிகாரங்களையும் பிரிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. கலெக்டரின் செல்வாக்கு குறைந்துவிடும் என்ற அச்சத்தில் ஆங்கில அரசு அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தது.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பில் 50ஆவது பிரிவாக இந்தக் கோரிக்கை இடம்பெற்றது. மூன்றாண்டுக்குள் பிரித்தாக வேண்டும் என்று முதலில் அம்பேத்கர் முன்வைத்த கெடு விவாதத்தில் விடுபட்டுப்போனது. இருந்திருந்தால் எத்தனையோ மாநிலங்கள் கால் நூற்றாண்டு காத்திருக்க வேண்டி வந்திராது. சென்னை மாநிலம் காத்திருக்கவில்லை. நாடு முழுவதற்குமான சட்டம் வருவதற்கு முன்பே அரசாணை வழியாக நீதித்துறை நடுவர்களை (மாஜிஸ்திரேட்டுகளை)த் தனியே பிரித்தது. 1974 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டம் இந்தப் பிரிவினையை ஏறக்குறைய எல்லா மாநிலங்களுக்கும் பொதுவாக்கி, நீதித்துறை நடுவர்களை உயர் நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் வைத்தது.

பிரிவினை முழுமையாகவில்லை. தடையுத்தரவு போடுவதும், அமைதி காப்பதாகப் பிணைப்பத்திரம் வாங்குவதும் இன்றும் ஆர்.டி.ஓ., தாசில்தார் போன்ற நிர்வாக நடுவர்களின் அதிகாரம்தான். தமிழ்நாட்டில் 2013, 2014ஆம் ஆண்டு அரசாணைகள் பிணைப்பத்திரம் வாங்கும் அதிகாரத்தைப் போலீஸ் துணை ஆணையர்களுக்கும் கொடுத்தன. வழக்குப் போடும் துறையே விசாரித்துச் சிறைக்கு அனுப்புவது அதிகாரப் பிரிவினைக்கு முரண் என்று கண்ட சென்னை உயர் நீதிமன்றம், 2023 மார்ச்சில் அந்த அரசாணைகள் செல்லாது என்று தீர்ப்பளித்தது.