ரப்பர் விலையும் பிட்காயின் விலையும்: ஏற்றுவது எது, இறக்குவது எது?

மாணவர்களே, விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று கேட்டால் உடனே “தேவையும் அளிப்பும்” என்று எழுதிவிடுகிறோம். விடை சரிதான். ஆனால் எல்லாப் பொருளுக்கும் அவை ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. நமக்குப் பழக்கமான ரப்பரையும் இன்று எல்லாரும் பேசும் பிட்காயினையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

முதலில் ரப்பர். முதல் உலகப் போருக்குப் பின் அதன் விலை சரிந்தது. 1922 நவம்பரில் பிரிட்டிஷார் மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் திட்டத்தின்கீழ் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தினார்கள். அமெரிக்காவில் கார்கள் பெருகிய காலம் அது; டயருக்கு ரப்பர் வேண்டும். 1925இல் விலை ஒரு பவுண்டு எடைக்கு ஓர் அமெரிக்க டாலரைத் தாண்டியது. அப்புறம் என்ன ஆச்சு? திட்டத்தில் சேராத டச்சுக் கிழக்கிந்தியத் தீவுகளில் (இன்றைய இந்தோனேசியா) சிறுதோட்டக்காரர்கள் பால் வெட்டைக் கூட்டினார்கள்; புதுக் கன்றுகளும் நட்டார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. பிறகு உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932இல் விலை சில சென்டுகளுக்கு இறங்கியது. மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்த ஆயிரக்கணக்கான தமிழர்கள் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்.

இங்கே விலை ஏறினால், கொஞ்சம் தாமதமானாலும், சரக்கு கூடும். கூடிய சரக்கு விலையை இறக்கும். எவ்வளவு இறங்கினாலும் டயர் செய்பவர் வாங்கத்தான் செய்வார்.

சரி, பிட்காயின் கதை என்ன? 2009 ஜனவரியில் தொடங்கிய அதன் மொத்த எண்ணிக்கை 21 மில்லியனைத் தாண்டாது. ஏறத்தாழ நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதிதாக வருவது பாதியாகும்: 2012, 2016, 2020, 2024. விலை ஏறிடுச்சுன்னு பலர் கூடுதல் கணினிகளை இறக்கினாலும், போட வேண்டிய கணக்கு தானாகவே கடினமாகிவிடும். ஆகவே விலையைப் பார்த்து சரக்கு கூடாது. விலையை அசைப்பது பெரும்பாலும் தேவைதான்.

சான்று வேண்டுமா? 2021 நவம்பரில் ஒரு பிட்காயின் ஏறக்குறைய 69,000 டாலர். ஓராண்டில் அது சுமார் 16,000 டாலருக்கு விழுந்தது. இடையில் அளிப்பு விதி ஓர் எழுத்துகூட மாறவில்லை. மாறியது வேறு: 2022 மார்ச் முதல் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை மளமளவென்று உயர்த்தியது, மலிவாகக் கிடைத்த பணம் வற்றியது. நவம்பரில் எஃப்டிஎக்ஸ் சந்தை திவாலாகி நம்பிக்கையும் உடைந்தது.

வட்டி உயர்ந்தால் பங்கு விலையும் இறங்கலாம். ஆனால் பங்குக்கு இலாப ஈவு உண்டு, வீட்டுக்கு வாடகை உண்டு. பிட்காயினைச் சும்மா வைத்திருந்தால் வருமானம் இல்லை. அடுத்தவர் தரத் தயாராக இருப்பதுதான் விலை. அதனால்தான் அதன் ஏற்றமும் சரிவும் இவ்வளவு செங்குத்தாக இருக்கின்றன.

தேர்வில் “எண்ணிக்கை குறைவு, அதனால் விலை ஏறும்” என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள். யார் வாங்குகிறார், எதற்காக, எந்தப் பணத்தில் என்று மூன்று கேள்வி கேட்டு விடையை வளர்த்துங்கள். ஆசிரியர்கள் 1925–1932, 2021–2022 ஆகிய இரண்டு காலகட்டங்களையும் பலகையில் வரைந்து, காரணங்களை மாணவர்களையே எழுதச் சொல்லலாம். நாளைக்குச் சொந்தச் சம்பளத்தைப் போடும்போதும் இதே மூன்று கேள்விகள் உதவும்.