படகின் சமன்

திருவனந்தபுரத்திற்குக் கிழக்கே, அகத்தியமலைச் சாரலில் இருக்கிறது போனக்காடு. தமிழ்த் தொழிலாளர்கள் லயங்களில் குடியிருந்து தேயிலை வளர்த்த மலையூர் அது. அம்மலைப்புறத்தில் பிறக்கும் கரமனையாறு, 1983-இல் பயனுக்கு வந்த பேப்பாறை அணையில் தங்கித் தலைநகருக்குக் குடிநீர் தந்து, கோவளத்திற்கு வடக்கே கடலில் கலக்கிறது. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்த நாமும் அந்த ஆற்றோடு இறங்கிக் கடற்கரையை அடைவோமாக. அங்கே நாம் காணவிருப்பது படகைச் சமன் செய்யும் கலையின் வரலாறு.

இக்கலை நம்மவர்க்குப் புதிதன்று. கட்டுமரம் என்னும் தமிழ்ச்சொல்லே ஆங்கிலத்தில் ஏறி உலகைச் சுற்றியது. அம்மரத்தில் சென்றவனுக்குத் தன் உடலே எடைக்கல். முன்னே நகர்ந்தால் முனை தாழும், பின்னே நகர்ந்தால் முனை நிமிரும். பாக்கு நீரிணைக் கரையின் வத்தைகளிலோ, குறுக்கே நீண்ட பலகை ஒன்று படகுக்கு வெளியே நீட்டி நிற்கும். காற்று வலுக்கும்போது ஆட்கள் அதன்மேல் ஏறிச் சாய்வைத் தடுத்தனர். ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் வெளியிட்ட இந்தியப் படகுகள் பற்றிய ஆய்வு இத்தகைய அமைப்புகளை உலகறியச் செய்தது.

பின்னர் இயந்திரம் வந்தது. அமெரிக்காவில் ஓலே எவின்ரூட் 1909-இல், படகின் பின்புறத்தில் மாட்டும் எஞ்சினை வெற்றிகரமாக விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1953-இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில் இந்திய–நார்வே மீன்வளத் திட்டம் தொடங்கிற்று. 1980-களில் கேரளக் கரையின் நாட்டுப் படகுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளி எஞ்சின்கள் பரவின. வேகம் பெருகவே, ஆளின் எடை செய்த வேலையை எஞ்சினின் கோணமும் செய்ய வேண்டியதாயிற்று.

அதன் முறை எளிது. புறப்படும்போது எஞ்சினின் கால்பகுதியைப் படகோடு ஒட்டி வைத்தால் முனை தாழ்ந்து, படகு விரைவில் நீர்மேல் எழும். எழுந்தபின் சிறிது வெளியே சாய்த்தால் முனை உயர்ந்து, நீரின் உராய்வு குறைந்து, எரிபொருள் மிஞ்சும். அளவு மீறினால் படகு துள்ளும். சுழலி காற்றை விழுங்கி இழுவை இழக்கும். விரைவுப் படகுகளில் பின்புறத்தின் அடியோரம் இருபுறமும் சிறு தகடுகள் உண்டு. அவற்றை டிரிம் டேப் என்பர். இரண்டையும் இறக்கினால் பின்புறம் உயர்ந்து முனை தாழும். எதிரலையைப் பிளந்து செல்ல அது உதவும். படகு இடப்பக்கம் சாய்ந்தால் இடத்தகட்டை மட்டும் இறக்க வேண்டும்; அப்பக்கம் நிமிரும். பின்னிருந்து அலை துரத்தும்போதோ தகடுகளை உயர்த்திவிட வேண்டும். இல்லையேல் முனை நீரில் குத்தும்.

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பாயும் நீர் தாங்கினாலன்றித் தகட்டுக்கு வலிமையில்லை. நின்ற படகையும் மெல்லச் செல்லும் படகையும் காப்பது எடையின் பங்கீடே. 1924 ஜனவரி 16-இல் மலையாள மகாகவி குமாரன் ஆசான், நெரிசல் மிகுந்த ரிடீமர் என்னும் படகு பல்லனையாற்றில் கவிழ்ந்தபோது உயிர் துறந்தார். 2009 செப்டம்பர் 30-இல் தேக்கடி ஏரியில் ஜலகன்யகா என்னும் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். கரையில் விலங்குகளைக் காணும் ஆவலில் பயணிகள் ஒருபுறமாகத் திரண்டனர் என்பர். மாண்டோருள் தமிழகத்திலிருந்து சென்றோரும் இருந்தனர்.

வத்தையின் பலகைமீது ஏறியவன் தன் எடை எங்கே இருக்க வேண்டும் என்று அறிந்திருந்தான். பயணச்சீட்டு வாங்கி ஏறும் நாமோ அதனை ஓட்டுநரின் பொறுப்பென்று விட்டுவிடுகிறோம். விடுமுறையில் ஊர் திரும்பும்போது ஏரியிலோ காயலிலோ படகேற நேர்ந்தால், நெரிசலான படகை விட்டு அடுத்ததற்குக் காத்திருப்போம். மிதவைச் சட்டையைக் கேட்டு அணிவோம். எழுந்து ஒருபுறம் ஓடாதிருப்போம். படகின் சமனில் பயணிக்கும் பங்குண்டு.