வேதாளம் அமரும் தோள்: பேய்க்கதைத் தொகுப்புப் படங்களில் கேட்பவரின் இடம்

பல பேய்க்கதைகளை ஒரே படத்தில் கோப்பதை மேலைநாட்டு உத்தி என்று எண்ண வேண்டியதில்லை. விக்கிரமாதித்தன் கதையில் வேதாளம் செய்வது அதைத்தான். தோளில் தொங்கியபடி கதை சொல்லும், முடிவில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் வாய் திறக்காவிட்டால் அரசன் தலை வெடிக்கும். திறந்தாலோ வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடும். கேட்பவனுக்குத் தப்ப வழியில்லை. இந்தக் கட்டிலிருந்தே அச்சம் பிறக்கிறது, பேயிடமிருந்து அன்று என்பது என் வாதம்.

‘அம்புலி’ எடுத்த ஹரி சங்கர், ஹரீஷ் நாராயண் இருவரும் 2014இல் ‘ஆ’ என்ற தொகுப்புப் படத்தைத் தந்தார்கள். தமிழில் அரிதான, துணிச்சலான முயற்சி. பேய் உண்டென்று நிரூபிக்க நண்பர்களுக்குள் ஒரு பந்தயம். அதற்காக டோக்கியோ, துபாய், வங்கக்கடல் என்று கதைகள் விரிகின்றன. ஆனால் பந்தயம் சான்று தேடுவது. சான்று தேடுபவன் கதைக்கு வெளியிலேயே நிற்கிறான். அவன் தோளில் எதுவும் ஏறுவதில்லை. படத்தின் குறையைச் செலவுச் சுருக்கத்தில் தேடுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

மசாகி கோபயாஷியின் ‘க்வைதான்’ (1964) நான்கு கதைகளையும் சட்டகமின்றியே அடுக்குகிறது. என் வாதத்துக்கு இது எதிர்ச்சான்றாகத் தோன்றலாம். ஆனால் அதன் கடைசிக் கதையில், எழுத்தாளன் கதையை முடிக்காமலே மறைந்துவிடுகிறான். அவன் முகம் தண்ணீர்த் தொட்டிக்குள் தெரிகிறது. சொன்னவனே கதைக்குள் விழுந்துவிட்டான்.

தமிழில் இதற்கு நிகரான ஆழத்தைத் தொகுப்பல்லாத ஒரு படத்தில்தான் காண்கிறேன்: விக்ரம் குமாரின் ‘யாவரும் நலம்’ (2009). புதிய அடுக்குமாடி வீடு, எண் 13பி. பால் தினமும் திரிந்துபோகிறது. பூஜையறைச் சுவரில் சாமிப் படம் மாட்ட முடியவில்லை. நாயகன் மனோகர் தனியாக ஏறினால் லிஃப்ட் நகராது. பகல் ஒரு மணிக்கு வீட்டுப் பெண்கள் சீரியல் முன் அமர்கிறார்கள். அதில் நடப்பதெல்லாம் இந்த வீட்டில் நடக்கிறது. அடுத்த வீட்டுப் பெட்டியிலோ அந்தச் சீரியலே இல்லை. வேதாளம் முருங்கையை விட்டு வரவேற்பறைக்கு வந்துவிட்டது. தவணை முறையில் வாங்கிய வீட்டை விட்டு ஒரு நடுத்தரக் குடும்பம் எங்கே ஓடும்? சென்னையின் மாதத் தவணையை இவ்வளவு கூர்மையாகப் பேய்க்கதைக்குள் கொண்டுவந்த படம் வேறில்லை என்பேன்.

அஜய் ஞானமுத்துவின் ‘டிமான்டி காலனி’ (2015) இதே வழியில் செல்கிறது. ஆழ்வார்ப்பேட்டையில் உண்மையாகவே உள்ள அந்தக் குடியிருப்பு, ஜான் டி மான்டி என்ற பழைய சென்னை வணிகரின் பெயர் தாங்கியது. ஆயினும் படத்தின் உச்ச அச்சம் நான்கு இளைஞர்கள் நுழையும் அங்குள்ள பங்களாவில் நிகழ்வதில்லை. அவர்கள் தங்கள் அறைக்குத் திரும்பிப் படம் பார்க்க உட்காருகிறார்கள். திரையில் தெரிவது அவர்களே. எழுந்து போய்க் கதவைத் திறக்கப் பார்க்கிறார்கள். திறக்கவில்லை.